மலையிலிருந்து வந்த அக்கா

சந்தியாவுக்கு வயிறு எரிந்தது.

புருஷன் வெற்றிசெல்வன் நெஞ்சுவலியோடு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தான். இரண்டு வயது மகள் கவியாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கேள்விப்பட்டு, கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள் பவானி. நாலே நாளில் குழந்தை அவள் இடுப்பைவிட்டு இறங்க மறுத்தது.

"இன்னாக்கா குடுத்தீங்க, இப்பிடி ஒட்டிக்கினா?"

"சாமைக் கஞ்சிதான்."

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நேற்று பவானி ஏதோ சொல்ல, அவன் சிரித்தான். சந்தியாவைப் பார்த்து அவன் சிரித்து ஒரு வாரமாகிறது.

"நீங்க வெளிய குந்துங்கக்கா. என் புருஷன நான் பாத்துக்கறேன்" என்றாள் வெடுக்கென்று. பவானி குழந்தையோடு எழுந்து போனாள்.

மதியம் காப்பீட்டுக் கவுண்டரில் கூப்பிட்டார்கள். அட்டை இருந்தால் ஆபரேஷனுக்குச் செலவில்லை, சம்சாரம் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். சந்தியா முந்திக்கொண்டு ஓடினாள்.

"அட்டை எங்கம்மா?"

சந்தியாவிடம் அட்டை இல்லை. பின்னாலேயே வந்த பவானி, மஞ்சப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள்.

கவுண்டர்க்காரர் படித்தார். "வெற்றிசெல்வன். சம்சாரம் பவானி. யாருங்க பவானி?"

"நான்தாங்க."

குழந்தையைச் சந்தியாவின் கையில் கொடுத்துவிட்டு, பவானி கையெழுத்துப் போட்டாள்.

"பயப்படாத சந்தியா. இருக்கறவள தள்ளிட்டு வந்து குந்திக்கற பழக்கம் எனக்கில்ல. அவரு எழுந்ததும் நீயே இட்டுக்கினு போ, அன்னிக்கு என் வூட்லேருந்து இட்டுக்கினு போன மாரியே."