படம் எடுக்கக் கூடாத இடம்

வாசல் பலகையில் ஒரு கேமரா வரைந்து அதன் மேல் சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள்.

எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. அந்தப் பலகை புரிந்தது. சாயாகா ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்பதும் புரிந்தது.

சாயாகா என் மகன் யோஷிகியை விட்டுவிட்டுப் போனவள். என் பேத்தி இதோஹாவையும் கையோடு கொண்டுபோய்விட்டாள். இரண்டு வருடமாக எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியாது. அப்பன் பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் எழுதியும் வாங்கிவிட்டாள். அங்கே அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை.

வக்கீலை விட்டுக் கெஞ்சியதில் எனக்கு மட்டும் ஒரு பகல் கிடைத்தது. தனியாக வர வேண்டும். இடத்தை அவள்தான் சொல்வாள்.

"ஒரே ஒரு போட்டோ போதும்ப்பா. எம்பொண்ணு எவ்ளோ வளந்திருக்கான்னு பாக்கணும்." காலையில் யோஷிகி என் முன்னால் அழுதான். நாற்பது வயது ஆண்பிள்ளை. எந்த இடம் என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டான். வீட்டிலேயே காத்திருப்பதாகச் சொன்னான்.

அவனுக்காகத்தான் வந்தேன். அந்த ஒரு படத்துக்காகத்தான்.

கார்ட்டூன் படம் எடுக்கிறவர்கள் கட்டிய மியூசியம். சுவரெல்லாம் கோணல். ஒரு மாடிப்படி எங்கேயும் போகாமல் சுவரில் முட்டி நின்றது. இருட்டறை ஒன்றில் வட்ட மேடை சுழன்றது. விளக்கு வெட்டி வெட்டி எரிய, அதில் ஒட்டியிருந்த தவளைப் பொம்மைகள் உயிர் வந்து குதித்தன. எல்லாரும் ஆவென்றார்கள்.

கண்கட்டு வேலை. நான் பேத்தியைத்தான் பார்த்தேன். ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

முன்பெல்லாம் சாயாகா என்னை மாமா என்று கூப்பிடுவாள். இன்று குடும்பப் பெயரைச் சொல்லி "இவாசே சான்". வெளியாளுக்குக் கொடுக்கிற மரியாதை.

குழந்தைகள் மட்டும் நுழைகிற மாதிரி ஒரு குட்டிக் கதவு இருந்தது. இதோஹா அதற்குள் புகுந்து தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"தாத்தா, நீங்களும் வாங்க! அந்த வயித்த மட்டும் கழட்டி வெளிய வெச்சுட்டு வாங்க!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அப்பன் நிற்க வேண்டிய இடம் இது என்று நினைத்ததும் சிரிப்பு கசந்துவிட்டது. இவளைப் பிரித்துக் கொண்டுபோக ஒருத்திக்கு எப்படி மனசு வந்தது?

மொட்டை மாடியில் மட்டும் படம் எடுக்கலாம் என்று அங்கே வேலை பார்க்கும் பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதில் விழுந்தது.

சாயாகா கழிவறைக்குப் போனாள். "இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் பேத்தியைக் கூட்டிக்கொண்டு சுழல் படி ஏறினேன்.

மேலே நல்ல வெயில். நல்ல காற்று. இதோஹா இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு பல் இல்லாத வாயோடு நின்றாள். இடது கையில் போனைப் பிடித்தேன். காற்றில் முடி அவள் முகத்தை மறைத்தது. ஒதுக்கிவிடலாம் என்று வலது கையைத் தூக்கினேன்.

அவள் அப்படியே கீழே குந்திவிட்டாள். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

அழவில்லை. கத்தவில்லை. மழை விடட்டும் என்று ஒதுங்கி நிற்கிறவளைப் போல அசையாமல் இருந்தாள்.

"மன்னிச்சிடுங்க. இனிமே பண்ணமாட்டேன்."

அவள் எதுவும் பண்ணியிருக்கவில்லை.

சாயாகா மூச்சு வாங்க மேலே வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளுக்கு எதிரே மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். பிள்ளை தலையைத் தூக்கி அந்தக் கைகளைப் பார்க்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகுதான் தொட்டாள்.

பழகிப்போன வேலை மாதிரி செய்தாள்.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

ரயில் நிலையம்வரை அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். மேற்கே போகும் வண்டிக்கு அவர்கள் படி இறங்கினார்கள். பாதிப் படியில் இதோஹா திரும்பிக் கையாட்டினாள். நான் கையைத் தூக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அவங்க எங்க போனாங்கப்பா?"

தூணுக்குப் பின்னாலிருந்து வந்தான் யோஷிகி. தொப்பி. முகக்கவசம்.

"எந்த வண்டி? சீக்கிரம் சொல்லுப்பா."

படம் எடுத்தாயா என்று கேட்கவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கவில்லை.

கிழக்கே போகும் வண்டிக்கான படியைக் காட்டினேன்.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடினான். மேற்கே போகும் வண்டியின் கதவு மூடுகிற சத்தம் கேட்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.