காலுக்குப் பிரஷர்

"நர்ஸம்மா, பிரஷர் கையிலதானே பார்ப்பாங்க? கால்ல என்ன கட்டுறீங்க?"

தொழிற்சாலையின் முதலுதவி அறையில் சூப்பர்வைசர் எகிறினார். வேலைக்குச் சேர்ந்து பத்தே நாளான நர்ஸம்மா பிரஷர் பட்டையை அவர் கெண்டைக்காலில் இறுக்கினார்.

"கையில நூத்தித் தொண்ணூறு. கால்ல நூத்திப் பத்துதான் சார். பாதம் வேற சில்லுன்னு கிடக்கு. பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க."

சீட்டு எழுதி நீட்டினார்.

மதியம் கேன்டீனில் சூப்பர்வைசர் நர்ஸம்மா மாதிரியே மூக்கால் பேசிக் காட்டினார். "சார்ர்... பாதம் சில்லுன்னு கிடக்கு சார்ர்!"

அச்சு அசல் அதே குரல். மேனேஜருக்கே புரையேறியது.

சிரித்த சூட்டோடு சூப்பர்வைசர் அவரிடமே புகாரும் எழுதிக் கொடுத்தார். 'கை எது, கால் எது என்று தெரியாதவர். நீக்கவும்.'

சட்டையைத் துவைக்க எடுத்த மனைவியிடம் சீட்டு சிக்கியது. விடுவாளா? ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது வாரம் ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தார். தொடை வழியாக நுழைந்த குழாய் நெஞ்சுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"அசையாதீங்க. பலூனை ஊதப் போறோம்."

முதுகில் ஆணி இறங்கியது போல வலி. ரத்தக்குழாய் கிழிந்தால் ஆபத்து என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எல்லார் கண்ணும் திரையில்.

"டாக்டர்... என்னாச்சு?"

"பேசாதீங்க."

ஒரு நிமிஷம். இன்னொரு நிமிஷம்.

"விரிஞ்சிடுச்சு. ஸ்டென்டும் உட்கார்ந்துடுச்சு." டாக்டர் மூச்சு விட்டார். "காலுக்கு ரத்தம் கொண்டுபோற மகாதமனி பொறக்கும்போதே சுருங்கியிருக்கு. நாப்பத்திரண்டு வருஷமா உங்க காலை ஒருத்தரும் தொட்டுப் பார்க்கலை. அந்தச் சீட்டு மட்டும் இல்லேன்னா, ஒருநாள் மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கும்."

வார்டுக்கு வந்ததும் பாதத்தில் என்னவோ வெதுவெதுப்பு. இதுவரை அறியாதது.

"மேனேஜருக்குப் போன் போடு. சீக்கிரம்!"

மனைவி போனை அவர் காதில் வைத்தாள்.

"சார், அந்தப் புகாரைக் கிழிச்சுப்..."

"அட, அது முடிஞ்சுது! காலையிலதான் அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பினேன். நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

"சார், அவங்க..."

"கேளுங்க கூத்தை! வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து என்ன கேட்டாங்க தெரியுமா?"

மேனேஜர் மூக்கால் பேசினார். இவர் கற்றுக்கொடுத்த அதே குரல்.

"சார்ர்... அவரு பாதம் இப்போ சூடாயிடுச்சா சார்ர்?"