டிராம் மணி

“அம்மா, டிராம் மாமாவுக்கு நம்ம மேல என்ன கோபம்?”

டிராம் ஓடிய காலத்தில், விடியுமுன் மணிச்சத்தத்தில் விழித்த சிறுமி கேட்டாள். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்ற தெருக்களில் பூனைபோலப் போகும் முதல் டிராம், இவள் வாசலுக்கு வந்ததும் டிரைவர் காலடியில் இருக்கும் மணியை மிதிமிதியென்று மிதிப்பார்.

மில் விட்டதும் நேரே டிப்போவுக்குப் போனாள்.

“கூட வேலை பார்த்த கண்டக்டர் வீடாச்சேன்னு ஈவிரக்கம் வேண்டாம்? அவர் கண்ணை மூடினதும் நாங்க இளக்காரமாப் போயிட்டோமா? அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்குங்க சார்!”

“அபராதம் போட்டும் கேட்கலம்மா,” என்றார் மேலாளர். “ஆமா, நீ என்னைக்காவது மில்லுக்கு லேட்டாப் போயிருக்கியா?”

“ஒரு நாளும் இல்ல. லேட்டாப் போனா வேலையே போயிடும்.”

“யாரு எழுப்பி விடறா?”

“அந்த மணி…” என்று இழுத்தாள்.

“‘நான் எழுப்பலேன்னா அவ எழுந்திருக்க மாட்டா, பார்த்துக்கண்ணே’ன்னு உன் வீட்டுக்காரர் கடைசியா அந்த டிரைவர்கிட்டதான் சொன்னாராம்,” என்றார் மேலாளர்.

அன்றிரவு அவளுக்குத் தூக்கமே வரவில்லை. விடியுமுன் எழுந்து, வாசல் முன் தண்டவாளத்தில் அடைந்திருந்த மண்ணையும் சருகையும் பெருக்கித் தள்ளினாள். டிராம் வரும் ஓசை கேட்டதும் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மணி அடித்த பிறகுதான் விளக்கை ஏற்றினாள்.