எண்ணெயில் கழன்ற பேட்ச்

கல் சுமந்த தோள்பட்டை தீயாய் எரிந்தது. அந்த வலியோடுதான் இசக்கியம்மாள் வெள்ளிக்கிழமை வழக்கப்படி மகள் சுடருக்கு எண்ணெய் தேய்த்தாள். முதுகிலும் வழித்துத் தேய்த்ததில், மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஒட்டியிருந்த பேட்ச் கழன்று கையோடு வந்துவிட்டது.

ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகளை உட்கார வைக்கும் மருந்து அது. இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. தோலை விட்டு விலகினால் கம்பெனிக்குத் தெரிந்து வேன் வந்துவிடும். எண்ணெய் முதுகில் திரும்ப ஒட்டவில்லை. பேட்ச்சைத் துடைத்துத் தன் வயிற்றில் ஒட்டிக்கொண்டாள்.

சுடர் எண்ணெய்த் தலையோடு விளையாட ஓடிவிட்டாள். இசக்கியம்மாள் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"பாப்பா இன்னைக்கு ரொம்ப அமைதியா இருக்காளே, வெரிகுட்," என்றாள் கம்பெனி மேடம், பேட்ச் அனுப்பும் கணக்கைப் பார்த்து.

வெளியே சுடர் கத்தினாள். "யம்மா, தண்ணித் தொட்டி மேல இருக்கேன். வழுக்குது, இறக்கி விடு."

காதில் விழுந்தது. எழ வேண்டும் என்றும் தெரிந்தது. கை அரிசியை விடவில்லை.

சுடர் தானே குதித்து, சிராய்த்த முழங்காலோடு வந்து அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"வர முடியலையா? எனக்கும் இப்படித்தாம்மா இருக்கும். நீதான் செவிட்டு மூதின்னு ஏசுவ."

இசக்கியம்மாள் பாடுபட்டுப் பேட்ச்சை உரித்தாள். பிறகு மகளின் முதுகைச் சீயக்காய் போட்டுக் கழுவித் துடைத்தாள்.

"திரும்புட்டி."

"வேண்டாம்மா."

குவாரி வெடியில் கால் போன புருஷனுக்கு அந்த மருந்துக் கம்பெனிதான் செயற்கைக் கால் வைத்துக் கொடுத்தது. அதற்கு ஈடாக, பெரியவளாகும் வரை சுடரின் முதுகு அவர்களுக்குச் சேர வேண்டியது.