வெள்ளிக்கிழமை திரும்பக் கேட்கும்

"அப்பா, நெட் பில்லுக்கு உன் கார்டுல பணம் இல்லன்னு எனக்கு மறுபடியும் மெசேஜ் வந்திருக்குது." பெங்களூரிலிருந்து கீர்த்தனாவின் குரல் ஸ்பீக்கரில் சலிப்போடு வந்தது.

"அப்போ என்னாம்மா ஆவும்?" என்றார் ஆதிமூலம்.

"போன மாசமே சொன்னேனேப்பா. வெள்ளிக்கிழமை அதுவே உன் கார்டுல திரும்பக் பணம் கேக்கும். அப்பவும் இல்லன்னா இன்னும் மூணு நாள் விட்டுக் கேக்கும். ஒவ்வொரு தடவையும் மெசேஜ் என் போனுக்குத்தான் வருது. கணக்குல பணத்த விட்டு வைப்பா."

"சரிம்மா. சாப்ட்டியா? சளி தேவலையா?"

ஒவ்வொன்றாக விசாரித்து முடித்துத்தான் போனை வைத்தார். கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி வள்ளிக்கு அலுத்துப்போனது.

"பென்ஷன் முந்தாநாளே வந்துச்சே, என்னா பண்ணீங்க?"

"தேரடி ஏடிஎம்ல மொத்தத்தையும் எடுத்துட்டேன். பீரோவுல இருக்குது."

"பில்லு போற வரைக்கும் விட்டு வச்சா என்னாவாம்?"

"சித்திரையில வச்சேனே. ஒழுங்கா போச்சு. அந்த மாசம் அவ ஒரு தடவையாவது போன் பண்ணாளா?"

வள்ளி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை எத்தினி மணிக்குக் கேக்குமாம்?"

அன்று சாயங்காலமே போன் அடித்தது. இருவரும் எழுந்து ஓடினார்கள்.

"அப்பா, உன் கார்ட எடுத்துட்டு என் கார்டையே போட்டுட்டேன். இனிமே பில்லு நிக்காது, நானும் போன் பண்ணி உன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன். நிம்மதியா இரு."