பிள்ளை வாசம்

ஓர் ஏரியில் விரால் மீன் ஒன்று தன் மனைவியோடு வாழ்ந்தது. முலாம் பூசும் பட்டறையிலிருந்து செம்பு கரைந்த கழிவுநீர் வந்து கலந்த பிறகு, மனைவிக்கு மூக்கு மரத்துக்கொண்டே வந்தது.

ஒருநாள் இரை தேடிவிட்டுத் திரும்பியவள், காவலிருந்த கணவனைச் சுற்றிய சிவப்புக் குஞ்சுகளைப் பார்த்துச் சீறினாள்.

“யார் வீட்டுப் பிள்ளைங்க இது? நம்ம பிள்ளைங்க எங்கே?”

“இதுகதான்டி. நான் இந்த இடத்தைவிட்டு நகரவே இல்லையே!”

“போங்க, பெத்தவளுக்குப் பிள்ளை வாசம் தெரியாதா? தூங்கித் தொலைச்சுட்டு, ஊரான் பிள்ளைக்குக் காவல் காக்கறீங்க!”

உரச வந்த குஞ்சுகளை வாலால் அடித்து விரட்டினாள்.

அவள் பின்னால் போனால் குஞ்சுகளுக்குக் காவல் இல்லை. விரால் அங்கேயே நின்றது. அவள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டே தூரத்தில் போனாள். ஒவ்வொரு கூப்பிடுதலுக்கும் குஞ்சுகள், “இங்கேதான் இருக்கோம்மா” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தன.