மாதுளையை வெருட்டிய காலை

"அஞ்சு வருஷமா ஒரு பலனும் இல்லை! இண்டைக்கு உன்னை வெட்டித்தான் போடுவன்!"

தலைக்கு மேல் உயர்ந்த கிடுகு வேலிக்கு அப்பால் சவிரியான் கத்தினான். ஏதோ சடாரென்று விழுந்தது. அவன் பெண்சாதி எமிலியானா அலறினாள்.

கூப்பன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கத்தரினா பதறி எழும்பினாள்.

"இருமப்பா," என்று சிரித்தான் அவள் புருஷன் இன்னாசி. "மாசி மாதமெல்லோ? மாதுளையை வெருட்டுறான். கலியாணம் முடிச்ச வருஷம் நட்டது, இன்னும் பூக்கேல்லையெண்டு போன மாசமும் புலம்பினவன்."

அந்தக் கடற்கரை ஊர்களில் மாசி மாதம் அது வழக்கந்தான். பூக்காத மரத்தின் முன்னால் புருஷன் கோடரியை ஓங்குவான். பெண்சாதி குறுக்கே வந்து மரத்துக்காக மன்றாடுவாள். மரம் பயந்து பூத்துவிடும் என்று நம்பிக்கை.

"இந்த ஒருக்கா விடுங்கோ! உங்கட காலைப் பிடிக்கிறன்!" எமிலியானாவின் குரல் கிழிந்தது.

"கேட்டீரே? வடிவா மன்றாடுறாள்," என்ற இன்னாசி வேலியோரம் போய்க் குரல் கொடுத்தான். "சவிரி! வாயால வெருட்டினாக் காணாது, ரெண்டு வெட்டுப் போடு!"

கத்தரினாவும் சிரித்துவிட்டாள்.

வெட்டு விழுந்தது. ஒன்று. இரண்டு. பிறகு சத்தமில்லை.

"முடிஞ்சுது. இனிப் பூக்கும்," என்றான் இன்னாசி.

அடுப்புக்குத் தணல் வாங்கும் சாட்டில் கத்தரினா பக்கத்து வளவுப் படலையைத் தள்ளினாள். சவிரியானைக் காணவில்லை.

மாதுளை அடியிலிருந்து நுனிவரை செக்கச்செவேலென்று பூத்து நின்றது. நாலைந்து நாளைக்கு முன்பே உதிர்ந்த பூக்கள் நிலமெல்லாம் காய்ந்து கிடந்தன. அவற்றின் மேல், ஐந்து வருஷமாய்ப் பிள்ளையில்லாத எமிலியானா வெட்டுண்டு கிடந்தாள்.